அரசாங்கத்துக்குச் சரக்கு விற்பது எப்படி: தென்னாப்பிரிக்காவுக்குப் புதிதாக வந்த தமிழ் வியாபாரிகளுக்கு

டர்பன், பீனிக்ஸ், சாட்ஸ்வர்த், வெருலம் பக்கம் வந்து சின்னதாக மொத்த வியாபாரம் ஆரம்பித்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஜோகன்னஸ்பர்க்கில் இருந்தாலும் நடைமுறை இதேதான். கையுறை, கிருமிநாசினி, சோப்பு, டாய்லெட் பேப்பர், எழுதுபொருள் என்று எதை விற்றாலும் ஊரிலேயே பெரிய வாடிக்கையாளர் அரசாங்கம்தான். ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம், நகராட்சி எல்லாம் மாதாமாதம் வாங்குகின்றன. ஆனால் உள்ளே நுழையும் வழியை யாரும் முழுசாகச் சொல்வதில்லை, ஆளுக்கொரு துண்டு சொல்வார்கள். அந்தத் துண்டுகளைப் பொறுக்கிச் சேர்க்க நானும் என் மைத்துனரும் பட்ட பாடு உங்களுக்கு வேண்டாம்.

ஒன்றை முதலிலேயே புரிந்துகொள்ளுங்கள். 2020 மார்ச் 15 அன்று கொரோனாவுக்காகப் பேரிடர் நிலை அறிவித்ததும், டெண்டர் விடாமல் உடனே வாங்கிக்கொள்ள நிதித்துறை வழி விட்டது. சரக்கு வேகமாக வந்தது, பணமும் வேகமாகப் போனது. பிறகு எஸ்.ஐ.யு என்கிற சிறப்புப் புலனாய்வுப் பிரிவு 14.3 பில்லியன் ரேண்ட் மதிப்புள்ள 5,467 ஒப்பந்தங்களைத் தோண்டியது. விசாரணை முடிந்த 4,549 ஒப்பந்தங்களில் 2,803 முறைகேடானவை என்று அறிக்கை கொடுத்தது. அதற்கப்புறம் வாங்கும் அதிகாரியின் நிலைமை திண்டாட்டம். வார்டில் கையுறை தீர்ந்தால் டாக்டர் திட்டுவார், அவசரமாக வாங்கினால் ஆடிட்டர் கேட்பார். ஆகவே எவருடைய ஃபைலைத் திறந்தால் ஒரு கேள்வியும் எழாதோ அவரைத்தான் முதலில் கூப்பிடுகிறார். இன்று வேகம் என்பது ஆர்டர் வந்தபின் ஓடுவதில் இல்லை, அதற்கு முன்னால் காகிதத்தை முடித்து வைப்பதில் இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தால் கீழே உள்ள முதல் ஆறு படிகளுக்கு ஒரு மாதம் வைத்துக்கொள்ளுங்கள். உள்ளூர் அடையாள எண் இல்லாமல் பாஸ்போர்ட்டில் பதிவு செய்பவர் என்றால் இரண்டு மாதம் என்று நினைத்துக்கொள்வது நல்லது.

1. முதலில் விசா, அப்புறம்தான் கம்பெனி

கம்பெனி பதிவு செய்ய யார் வேண்டுமானாலும் செய்யலாம். அதை நடத்த உங்கள் விசா இடம் கொடுக்கிறதா என்பது வேறு கேள்வி. ஒரு கம்பெனியின் பெயரில் கொடுத்த வேலை விசாவை வைத்துக்கொண்டு சொந்த வியாபாரம் செய்ய முடியாது. தொழில் விசாவுக்குப் பொதுவாக 50 இலட்சம் ரேண்ட் முதலீடு காட்ட வேண்டும், வேலையாட்களில் 60 சதவீதம் பேர் குடிமக்களாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களாகவோ இருக்க வேண்டும். நிரந்தர வசிப்புரிமை இருந்தால் இந்தத் தலைவலி இல்லை. குழப்பம் இருந்தால் குடியேற்ற வக்கீலிடம் ஒருமுறை பணம் கொடுத்துக் கேட்டுவிடுங்கள். கடைசிப் படியில் வரும் வக்கீலைத் தவிர, இந்த வழிகாட்டியில் வெளி ஆளுக்குப் பணம் கொடுக்கச் சொல்லும் ஒரே இடம் இதுதான்.

இன்னொரு விஷயம். நம்மவர் வீடுகளில் மனைவியோ கணவரோ அரசு ஆஸ்பத்திரியில் டாக்டராகவோ நர்ஸாகவோ, அரசுப் பள்ளியில் டீச்சராகவோ இருப்பது சகஜம். அவர்களை டைரக்டராகப் போடாதீர்கள். அரசு ஊழியர் அரசாங்கத்தோடு வியாபாரம் செய்யக் கூடாது என்பது சட்டம், சம்பளப் பட்டியலோடு ஒப்பிட்டு கம்ப்யூட்டரே பிடித்துவிடும். டைரக்டராக இல்லாவிட்டாலும், வாங்கும் அலுவலகத்தில் வேலை செய்பவரோடு உங்களுக்கு உறவு இருந்தால் அறிவிப்புப் படிவத்தில் எழுதியாக வேண்டும். எழுதினால் தப்பில்லை. மறைத்தால்தான் வம்பு.

2. கம்பெனிப் பதிவு

இது சுலபம். சி.ஐ.பி.சி என்ற பதிவு அலுவலகத்தின் இணையதளத்தில் பெயர் ஒதுக்க 50 ரேண்ட், பதிவுக்கு 125 ரேண்ட். மொத்தம் 175. ஏஜென்ட்டுகள் இதற்கே ஆயிரக்கணக்கில் கேட்பார்கள். பாஸ்போர்ட்டில் பதிவு செய்பவர்களுக்குக் கூடுதல் சரிபார்ப்பு உண்டு, சான்றளித்த பாஸ்போர்ட் நகலைத் தயாராக வையுங்கள்.

பதிவானதும் இரண்டு வேலை பாக்கி இருக்கும். கம்பெனியின் உண்மையான உரிமையாளர் யார் என்ற விவரத்தைப் பத்து வேலைநாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். அப்புறம் ஒவ்வொரு வருடமும் பதிவு செய்த தேதி கழிந்து 30 வேலைநாளுக்குள் ஆண்டுக் கணக்கைக் கட்டணத்தோடு போட வேண்டும். பத்து இலட்சம் ரேண்டுக்குக் கீழே வியாபாரம் என்றால் 100 ரேண்ட்தான். அந்த நூறு ரேண்டை விட்டுவிட்டால் கம்பெனியே பதிவிலிருந்து நீங்கும் நிலைக்குப் போய்விடும், அரசாங்கக் கம்ப்யூட்டரில் உங்கள் பெயருக்கு எதிரே அது தெரியும்.

கம்பெனிப் பெயரைச் சின்னதாக வையுங்கள். ஏன் என்று நான்காவது படியில் தெரியும்.

3. வரி எண்ணும் பின் நம்பரும்

கம்பெனி பதிவானதும் வருமான வரி எண் தானாகவே வந்துவிடும். சார்ஸ் என்கிற வரித்துறையின் இணையதளத்தில் கணக்குத் திறந்து, உங்களைக் கம்பெனியின் பிரதிநிதியாகப் பதிவு செய்து, ‘வரி நிலை பின்’ ஒன்றை எடுக்க வேண்டும். செலவு இல்லை.

நிறையப் பேர் ஏமாறுவது இங்கேதான். பின் ஒரு வருடம் செல்லும் என்றதும் ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை என்று நினைத்துக்கொள்கிறார்கள். பின் என்பது வெறும் சாவி. அதைப் போட்டுப் பார்க்கும் அதிகாரிக்குத் தெரிவது அந்த நிமிடத்து நிலை: எல்லாம் ஒழுங்கு என்றால் பச்சை. ஒரு தவணை வரிப் படிவம் தாக்கல் ஆகாமல் இருந்தாலும் பச்சை சிவப்பாகிவிடும். வியாபாரமே நடக்காத வருடத்திலும் பூஜ்யம் என்று எழுதித் தாக்கல் செய்ய வேண்டும். ஆள் வைத்திருந்தால் மாதாமாதம் 7ஆம் தேதிக்குள் சம்பள வரிப் படிவம். பெரிய டெண்டரில் சிவப்பைச் சரிசெய்யக் குறைந்தது ஏழு வேலைநாள் அவகாசம் தருவார்கள். சின்ன கொட்டேஷனில் அந்த அவகாசத்தை நம்பி உட்கார வேண்டாம், பச்சையாக இருக்கும் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

4. பேங்க் கணக்கு: எழுத்துக்கு எழுத்து

கம்பெனிப் பெயரில் தொழில் கணக்கு வேண்டும். உங்கள் சொந்தக் கணக்கு செல்லாது. பேங்கில் கேட்பது: பதிவுச் சான்று, டைரக்டர்களின் பாஸ்போர்ட், விசா, முகவரிச் சான்று.

எங்கள் கம்பெனிப் பெயரில் நான்கு சொற்கள், நடுவில் ஓர் ‘அண்ட்’. பேங்க் கம்ப்யூட்டரில் பெயர்க் கட்டம் நிறைந்துபோய்க் கடைசிச் சொல் பாதியில் நின்றுவிட்டது. கவுண்டரில் இருந்த பெண் திரையைத் திருப்பிக் காட்டி, “எங்கள் பக்கம் எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது” என்றார். கணக்கில் பணம் போட்டால் ஏறுகிறது, எடுத்தால் வருகிறது, அவருக்கு அது சரி. ஆனால் அரசாங்கப் பதிவேடு அந்தக் கணக்கை ஏற்காமல் திருப்பித் திருப்பி அனுப்பியது. கடைசியில் கிளை மேலாளரிடம் பதிவுச் சான்றை வைத்து, கணக்கோடு கம்பெனிப் பதிவு எண்ணும் ஏறியிருக்கிறதா என்று பார்க்கச் சொன்னபிறகுதான் தீர்ந்தது. கணக்குத் திறக்கும் அன்றே இந்த இரண்டையும் கேளுங்கள்: முழுப்பெயர் எப்படி ஏறியிருக்கிறது, பதிவு எண் சரியா. முத்திரையிட்ட கணக்கு உறுதிக் கடிதம் ஒன்றும் வாங்கி வையுங்கள்.

நம் சொந்தப் பெயர்களிலும் இதே கதைதான். இனிஷியல் முன்னால் போடும் பழக்கம் இங்கே யாருக்கும் புரியாது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர்க் கட்டத்தில் அப்பா பெயர் இருக்கும், சிலருக்கு அந்தக் கட்டமே காலி. ஓர் அலுவலகத்தில் உங்கள் பெயர் முன்னால், இன்னொன்றில் அப்பா பெயர் முன்னால், மூன்றாவதில் இனிஷியல் மட்டும் என்று ஏறிவிட்டால் மூன்று ஆள் ஆகிவிடுவீர்கள். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள், கேட்க விநோதமாக இருந்தாலும் பரவாயில்லை. பாஸ்போர்ட் புதுப்பித்தால் எண்ணே மாறிவிடும். புது எண்ணை சி.ஐ.பி.சி, சார்ஸ், பேங்க், அடுத்த படியில் வரும் பதிவேடு நான்கிலும் மாற்ற வேண்டும். மாற்றாதவர்களுக்கு அது ஆர்டர் வரும் வாரத்தில்தான் தெரியவரும்.

5. சி.எஸ்.டி என்ற மத்தியப் பதிவேடு

அரசாங்கத்துக்கு விற்பவர்கள் பெயர் பதியும் பட்டியல் இது. இதுதான் வாசல். தேசிய, மாகாணத் துறைகளுக்கு 2016 ஏப்ரலிலிருந்தும் நகராட்சிகளுக்கு அதே வருடம் ஜூலையிலிருந்தும் இந்தப் பதிவேட்டில் இருப்பவரிடமே வாங்க வேண்டும் என்று விதி. பதிவு இலவசம். எண் ‘எம்.ஏ.ஏ.ஏ’ என்று ஆரம்பிக்கும். இனி உங்களை எல்லா அலுவலகமும் அந்த எண்ணால்தான் கூப்பிடும், மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்.

நீங்கள் கொடுக்கும் விவரத்தைப் பதிவேடு தானே சி.ஐ.பி.சி, சார்ஸ், உள்துறை, பேங்க், அரசு ஊழியர் சம்பளப் பட்டியல், தடை செய்யப்பட்டவர் பட்டியல் எல்லாவற்றோடும் ஒப்பிட்டுப் பார்க்கிறது. முந்தின படிகளில் விட்ட பிசிறு எல்லாம் இங்கேதான் வெளியே வரும். பேங்க் சரிபார்ப்புக்குச் சில வேலைநாள் ஆகும். ஆர்டர் வந்தபிறகு பதிவு செய்யலாம் என்பது தாகம் எடுத்தபின் கிணறு வெட்டுகிற வேலை.

உங்கள் சொந்த மெயிலையும் சொந்த போன் எண்ணையும் கொடுத்தே கணக்குத் திறக்க வேண்டும். ஏஜென்ட் தன் மெயிலில் திறந்துவிட்டால் சாவி அவரிடம்தான். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அவர் கடைக்குப் போய் நிற்க வேண்டும், திறக்க மாட்டேன் என்றால் நீங்கள் ஒன்றும் செய்ய முடியாது.

என்னென்ன பொருள், எந்தெந்தப் பகுதி என்று தேர்ந்தெடுக்கும் பக்கத்தை அவசரமாகக் கடந்துவிடாதீர்கள். அதிகாரி பொருளையும் பகுதியையும் போட்டுத்தான் பெயர்களை எடுக்கிறார். ‘துப்புரவுப் பொருள்’ என்று மட்டும் போட்டவருக்குக் கையுறைக் கொட்டேஷன் வராது. அதற்காக உலகத்தில் உள்ளதையெல்லாம் டிக் செய்து வைத்தால், சவப்பெட்டிக்கும் டிராக்டர் பாகத்துக்கும் கொட்டேஷன் கேட்டு வரும், இவர் எதுவும் செய்கிறவர் இல்லை என்ற பெயரும் வந்து சேரும்.

பதிவேட்டில் உங்கள் அறிக்கையை மாதம் ஒருமுறை இறக்கிப் பாருங்கள். எல்லா வரியும் பச்சையாக இருக்க வேண்டும்.

6. பி-பி-பி-இ-இ அஃபிடவிட்: கையெழுத்துக்கு முன் படியுங்கள்

பி-பி-பி-இ-இ என்பது கறுப்பினத்தவரின் பொருளாதார மேம்பாட்டுக்கான சட்டம். வருட வியாபாரம் ஒரு கோடி ரேண்டுக்குள் இருந்தால் அதில் நீங்கள் மிகச் சிறு நிறுவனம். தணிக்கைச் சான்று தேவையில்லை, சத்தியப்பிரமாணம் போதும். ஒரு வருடம் செல்லும். போலீஸ் ஸ்டேஷனில் இலவசமாகவே செய்து தருவார்கள்.

நம் ஆட்கள் தடுக்கி விழும் இடம் உள்ளே இருக்கிறது. படிவத்தில் ‘கறுப்பின உரிமை எத்தனை சதவீதம்’ என்று இருக்கும். இந்தச் சட்டத்தில் அந்தச் சொல்லில் ஆப்பிரிக்கர், கலப்பினத்தவர், இந்தியர் மூவரும் அடக்கம். உடனே ‘நாமும் இந்தியர்தானே’ என்று 100 சதவீதம் என்று எழுதிவிடுகிறார்கள். அந்த இந்தியர் நீங்கள் இல்லை. பிறப்பாலோ வம்சத்தாலோ தென்னாப்பிரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும், அல்லது 1994 ஏப்ரல் 27க்கு முன்னால் குடியுரிமை பெற்றிருக்க வேண்டும். நீங்கள் 2012இல் வந்து, பிறகு குடியுரிமையே வாங்கியிருந்தாலும் கணக்கில் சேர மாட்டீர்கள். மவுண்ட் எட்ஜ்கம்ப் மாரியம்மன் கோயிலில் ஒரே வரிசையில் நிற்கும், இங்கேயே பிறந்த கோவெண்டரும் நீங்களும் இந்தப் படிவத்தில் வேறு வேறு கட்டம். இது நியாயமா என்று டீக்கடையில் பேசலாம். படிவத்தில் உண்மையைத்தான் எழுத வேண்டும்.

மிகச் சிறு நிறுவனத்துக்கு இயல்பாகவே நான்காம் நிலை கிடைக்கும், கறுப்பின உரிமை 51 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் இரண்டாம் நிலை, 100 என்றால் முதல் நிலை. உள்ளூர் நண்பர் ஒருவரைப் பெயருக்கு 51 சதவீதம் போட்டுவிட்டு முழு இலாபத்தையும் தாங்களே எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. அதற்கு ‘ஃபிரண்டிங்’ என்று பெயர், அது குற்றம். பத்து வருடம் வரை சிறை, கம்பெனிக்கு வருட வியாபாரத்தில் 10 சதவீதம் வரை அபராதம் என்று சட்டத்தில் இருக்கிறது. உண்மையான பங்காளியாக இருந்து, அவரும் உட்கார்ந்து வேலை பார்த்து, செக்கில் கையெழுத்துப் போட்டு, இலாபம் எடுத்தால் தாராளமாகச் சேருங்கள்.

அஃபிடவிட் திரும்பி வருவதற்கான காரணங்கள் எல்லாம் அற்பமானவை. கணக்கு ஆண்டு முடியும் தேதியை நாள், மாதம், வருடத்தோடு எழுதாமல் விடுவது. சதவீதக் கட்டத்தை வெறுமையாக விடுவது, பூஜ்யம் என்றால் 0 என்று எழுத வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போவது. போலீஸ்காரர் முன்னால்தான் கையெழுத்திட வேண்டும், இருவர் தேதியும் ஒன்றாக இருக்க வேண்டும், முத்திரை படிக்கிற மாதிரி விழ வேண்டும்.

7. ஒரே ஃபைல்

மேலே சொன்னவற்றோடு இவற்றையும் ஸ்கேன் செய்து போனிலும் கம்ப்யூட்டரிலும் வையுங்கள்: டைரக்டர்களின் சான்றளித்த பாஸ்போர்ட் நகல் (பெரும்பாலும் மூன்று மாதத்துக்கு மேல் பழசானால் ஏற்கமாட்டார்கள்), அரசின் பொது டெண்டர் படிவங்களான எஸ்.பி.டி 1, எஸ்.பி.டி 4, எஸ்.பி.டி 6.1, ஆள் வைத்து வேலை செய்கிற துப்புரவு ஒப்பந்தம் போன்றவற்றுக்குத் தொழிலாளர் இழப்பீட்டு நிதியின் நல்நிலைக் கடிதம். நகராட்சிக்கு என்றால் எம்.பி.டி என்று ஆரம்பிக்கும் தனிப் படிவங்கள், கூடவே தண்ணீர், கரண்ட், வரி பில். மூன்று மாதத்துக்கு மேல் பாக்கி இருந்தால் உங்களை ஒதுக்கிவிடலாம். வாடகைக் கடை என்றால் வாடகை ஒப்பந்தம் வையுங்கள்.

சர்ஜிக்கல் முகக்கவசம், மருத்துவக் கையுறை, தெர்மாமீட்டர் இதெல்லாம் மருத்துவக் கருவிகள். இவற்றை இறக்குமதி செய்யவும் மொத்தமாக விற்கவும் சாப்ரா என்ற மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் உரிமம் வேண்டும். சமையலறைக் கையுறைக்கு வேண்டாம். கட்டட வேலைக்கு சி.ஐ.டி.பி என்ற கட்டடத் தொழில் வாரியத்தின் தரப் பதிவு தனி, அது இங்கே வேண்டாம்.

8. கொட்டேஷன் போடுவது

மாகாணத் துறைகளில் 2,000 ரேண்ட் வரை சில்லறைக் கையிருப்பிலேயே வாங்கலாம். அதற்கு மேல் பத்து இலட்சம் வரை எழுத்துமூலக் கொட்டேஷன், அதற்கும் மேல் டெண்டர், டெண்டர் என்றால் பொதுவாகக் குறைந்தது 21 நாள் விளம்பரம். நகராட்சிகளுக்கு வரம்பு வேறு. புதியவர்களுக்கு இடம் கொட்டேஷன்தான். அரசின் இ-டெண்டர் தளம் இலவசம், துறைகளின் சொந்த இணையதளங்களிலும் போடுவார்கள். ‘டெண்டர் எச்சரிக்கை’ மாதச் சந்தாவுக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை.

கொட்டேஷன் சில நாளில் மூடிவிடும், சில நேரம் நாளைக் காலை 11 மணி என்றே இருக்கும். 11.05க்குப் போன மெயிலைத் திறக்கவே மாட்டார்கள். ஏழாவது படி அதற்குத்தான்.

30,000 ரேண்டிலிருந்து ஐந்து கோடி வரை 80/20 கணக்கு. விலைக்கு 80 புள்ளி, ‘குறிப்பிட்ட இலக்குகளுக்கு’ 20. இலக்கு எது என்று அந்தந்த ஆவணத்தில் இருக்கும்: இனம், பெண் உரிமையாளர், மாற்றுத்திறன், உள்ளூர்க்காரர் என்று மாறும். ஒரு கணக்குப் பாருங்கள். மிகக் குறைந்த விலை 1,00,000 என்றால் அவருக்கு 80. நீங்கள் 1,05,000 போட்டால் 76. இப்போது குறைந்த விலை உங்களுடையது, ஆனால் இலக்குப் புள்ளி உங்களுக்கு பூஜ்யம், எதிரிக்கு முழு 20 என்று வையுங்கள். உங்களுக்கு மொத்தம் 80. அவர் 1,25,000 போட்டாலும் விலையில் 60, இலக்கில் 20, மொத்தம் 80. அதற்கு ஒரு ரேண்ட் குறைத்தால் ஆர்டர் அவருக்கு. ஐந்தில் ஒரு பங்கு விலை குறைத்து நஷ்டத்தில் ஓடுவதைவிட, ‘உள்ளூர்’ புள்ளி கிடைக்கும் இடங்களில் போடுவது புத்திசாலித்தனம்.

வாட் பதிவு இல்லாதவர் 15 சதவீதம் வாட் சேர்க்கவே கூடாது. வண்டி வாடகை, இறக்குக் கூலி எல்லாம் விலைக்குள் இருக்க வேண்டும். பிறகு கேட்டால் கிடைக்காது.

9. அவசர போன்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் போன் வரும். நாளைக் காலை கையுறை வேண்டும், கிருமிநாசினி வேண்டும். உயிருக்கோ உடல்நலத்துக்கோ ஆபத்து என்றால் போட்டி இல்லாமல் நேரடியாக வாங்க விதியில் இடம் இருக்கிறது. 2022 ஏப்ரலில் இங்கே வெள்ளம் வந்தபோதும் அப்படித்தான் வாங்கினார்கள். ஆனால் திட்டமிடாமல் சரக்குத் தீர்ந்துபோனது அவசரத்தில் சேராது. அதை அவசரம் என்று காட்டி வாங்கினால், நாளைக்கு ஆடிட்டர் கையில் சிக்குவது உங்கள் இன்வாய்ஸும்தான்.

பதில் பணிவாக இருக்கட்டும்: “வண்டியில் ஏற்றிக்கொண்டே இருக்கிறேன் சார், ஆர்டர் எண்ணை மெயிலில் அனுப்பிவிடுங்கள்.” ஆர்டர் எண் உடனே முடியாது என்றால், பெயர், பதவி, அளவு, விலையோடு அரசு மெயிலிலிருந்து ஒரு கடிதமாவது வரட்டும். வாய்வார்த்தைக்குச் சரக்கு இறக்கியவர்கள் இன்னும் அலைந்துகொண்டிருக்கிறார்கள்.

விலையை ஏற்றாதீர்கள். கொரோனா காலத்தில் நிதித்துறை பாதுகாப்புச் சாமான்களுக்கு உச்ச விலையே வைத்தது. சிறப்புத் தீர்ப்பாயம் பல ஒப்பந்தங்களை ரத்து செய்து இலாபத்தைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறது. நீங்கள் என்ன விலைக்கு வாங்கினீர்கள் என்ற ரசீதை ஒவ்வோர் ஆர்டரோடும் பின் அடித்து வையுங்கள். ‘பத்து சதவீதம் எனக்கு’ என்று யாராவது கேட்டால் தேசிய ஊழல் தடுப்பு எண் 0800 701 701, இலவசம்.

10. போலி ஆர்டர்

அரசு முத்திரையோடு, அதிகாரி பெயரோடு, பெரிய தொகைக்கு மெயில் வரும். நீங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு கருவி, அதற்கு ஒரு மாடல் எண். தேடினால் நாட்டிலேயே ஒரே ஒரு கடைதான் விற்கும். அந்தக் கடை முன்பணம் கேட்கும். கட்டியதும் கடையும் இல்லை, ஆர்டரும் இல்லை. அரசு மெயில் முகவரி ‘கவ் டாட் இசட்.ஏ’ என்றுதான் முடியும், நடுவில் கோடு போட்டு ‘ஆர்க்’ என்றோ ‘கோ’ என்றோ முடிந்தால் மூடிவிடுங்கள். மெயிலில் இருக்கும் எண்ணைக் கூப்பிடாமல், துறையின் இணையதளத்தில் உள்ள எண்ணைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

11. சரக்கு இறக்குவதும் இன்வாய்ஸும்

ஆர்டரில் எழுதியிருக்கும் ஸ்டோருக்கே கொண்டுபோங்கள். வார்டுக்கு நேராகக் கொண்டுவரச் சொன்னாலும் ஸ்டோர் வழியாகப் போங்கள், இல்லையென்றால் சரக்கு வந்ததாகவே கணக்கில் ஏறாது. பெரிய ஆஸ்பத்திரிகளில் மதியத்துக்கு மேல் ஸ்டோரில் இறக்க விடுவதில்லை, காலையிலேயே போய் வரிசையில் நில்லுங்கள். டெலிவரி நோட்டில் வாங்கியவர் பெயர் படிக்கிற எழுத்தில், கையெழுத்து, தேதி, முத்திரை. வெறும் கிறுக்கல் மட்டும் இருந்தால் ஆறு மாதம் கழித்து அது யார் என்று யாருக்கும் தெரியாது. பெட்டிகளை எண்ணும்போது பக்கத்திலேயே நின்று, குறைவு இருந்தால் அங்கேயே எழுத வையுங்கள்.

இன்வாய்ஸில் ஆர்டர் எண், எம்.ஏ.ஏ.ஏ எண், பதிவேட்டில் இருக்கும் அதே பேங்க் கணக்கு. ஆர்டரில் உள்ள அதே வரி, அதே அளவு, அதே விலை. அன்றே கொடுங்கள், கொடுத்ததற்கு முத்திரை வாங்குங்கள். 30 நாளுக்குள் பணம் தர வேண்டும் என்ற விதியின் கடிகாரம் இன்வாய்ஸ் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. முத்திரை இல்லாவிட்டால் “எங்களுக்கு வரவே இல்லை” என்ற ஒரே வாக்கியத்தில் மறுபடி முதல் நாளாகிவிடும்.

விதி முப்பது நாள். நடப்பில் அறுபது, தொண்ணூறும் ஆகும். கடனுக்குச் சரக்கு எடுத்துப் போட்டு அரசாங்கப் பணத்தை நம்பி உட்காராதீர்கள். ஒரே நேரத்தில் எத்தனை ஆர்டர் உங்கள் கையிருப்பு தாங்கும் என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். துறைகளின் கணக்கு ஆண்டு மார்ச் 31இல் முடிகிறது, நகராட்சிக்கு ஜூன் 30. பிப்ரவரி, மார்ச்சில் ஆர்டர் குவியும். மார்ச் கடைசி வாரத்தில் இறக்கிய சரக்குக்கு இன்வாய்ஸ் ஏறாமல் நின்றால் புது ஆண்டுப் பணத்துக்குக் காத்திருக்க வேண்டும். மார்ச் 20க்குள் இறக்கி முடிக்கப் பாருங்கள்.

12. பணம் வராவிட்டால்

முதலில் ஸ்டோர்: சரக்கு வரவு கம்ப்யூட்டரில் ஏறியிருக்கிறதா? பாதிப் பிரச்சினை இங்கேயே தீரும். ஏறியிருந்தால் கணக்குப் பிரிவில் போய், எந்த நிலையில் நிற்கிறது என்று கேளுங்கள். போனில் பேசினாலும், பேசியதை அன்றே மெயிலில் ஒரு வரி எழுதி அனுப்புங்கள். 31ஆம் நாள் தலைமை நிதி அதிகாரிக்கு ஆர்டர், முத்திரையிட்ட டெலிவரி நோட், முத்திரையிட்ட இன்வாய்ஸ் மூன்றையும் இணைத்துக் கடிதம். பதில் இல்லையென்றால் மாகாண நிதித்துறைக்கும், தாமதப் பணங்களைக் கண்காணிக்கும் பொதுச்சேவை ஆணையத்துக்கும் நகல் போடுங்கள். கடிதத்தில் கோபம் வேண்டாம், தேதிகள் மட்டும் போதும். அந்த அதிகாரியையே நாளைக்கும் பார்க்க வேண்டும்.

எவ்வளவு இழுத்தாலும் மூன்று வருடத்தைத் தாண்ட விடாதீர்கள். சாதாரணக் கடன் மூன்று வருடத்தில் காலாவதியாகிவிடும். இரண்டு வருடம் ஆனதும் அந்த மூன்று காகிதங்களோடு வக்கீலிடம் போய்விடுங்கள்.